வரவேற்பு மேசையில் வைத்த ரோல்ஸ்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் அது அவ்வளவு தூரம் போவதில்லை, நாக்கிலேயே குடியிருக்கிறது. ஆனால் ஒன்று. விமானம் மேலே ஏறிவிட்டால் எனக்குக் கோபம் வராது. குறுக்குக் காற்று, மூடுபனி, உறைந்து கிடக்கிற ஓடுபாதை, எதற்கும் நான் குரலை உயர்த்தியதில்லை. தரைக்கு வந்து மனிதரைக் கண்ட பிறகுதான் எல்லாம் தொடங்கும்.

நான் ஜேர்மனியில் எசன் நகரத்தில் வளர்ந்தவள். அப்பா இலங்கையிலிருந்து அகதியாக வந்து, ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவி எங்களைப் படிப்பித்தார். இப்போது நான் அதே நாட்டில் ஒரு நடுத்தர விமானக் கம்பனியில் கப்டன். தோளில் நான்கு கோடுகள். அந்தக் கோடுகளோடு விமானக் கதவடியில் நின்று பயணிகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்த ஒருநாள், கோட்டும் சூட்டுமாக வந்த ஒருவர் தன்னுடைய வெறும் கோப்பிக் குவளையை என் கையில் திணித்தார். என் பக்கத்தில் நின்றவன் துணை விமானி, மீசை கூடச் சரியாக முளைக்காத வெள்ளைப் பொடியன். அவனுக்குக் கை கொடுத்து, "அருமையாக இறக்கினீர்கள், கப்டன்" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் இறங்கிப் போனார். இறக்கியது நான். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிக் கத்தினேன். அவர் பாவம், அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

ஆனால் கம்பனிக்கு என் முகம் பிடித்திருந்தது. ஒரு படப்பிடிப்பாளரைக் கூப்பிட்டு என்னைப் படம் எடுத்து, ஆள் உயரத்துக்கு அச்சடித்து, புது விமானிகளைத் தெரிவு செய்கிற கட்டடத்தின் வாசலில் நிறுத்தினார்கள். படத்தில் நான் கைகளைக் கட்டிக்கொண்டு தூரத்து வானத்தைப் பார்க்கிறேன். உண்மையில் நான் பார்த்தது சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியை. கீழே "வானத்துக்கு நிறமில்லை" என்று டொச் மொழியில் கொட்டை எழுத்து. வானம் நீலம்தானே, விசரன்களே, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தப் படத்தால் ஒரு நன்மையும் வந்தது. தெரிவுக் குழுவில் என்னையும் ஒருத்தியாகப் போட்டார்கள்.

குழுவில் நாங்கள் மூன்று பேர். தலைவர் ஒரு மூத்த கப்டன். அடுத்தவர் ஒரு உளவியலாளர், மெல்லிய குரலில் பேசி நிறைய எழுதுகிற பெண். மூன்றாவது நான். தலைவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுகமாக இருக்கும். சொல்ல முடியாது, அதுதான் கரைச்சல். நான் துணை விமானியாகவே கிடந்து காய்ந்த காலத்தில், இவளைக் கப்டன் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று எனக்காக வாய் திறந்தவர் அவர். என் அப்பா இறந்தபோது செத்தவீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, நிலத்தில் சம்மணம் கட்ட முயன்று கால் மரத்துப்போய் இருந்தவர்.

எங்கள் கம்பனியில் ஒரு கொடுமையான விதி உண்டு. தெரிவுக்கு ஒருவர் ஒருமுறைதான் வரலாம். சறுக்கினால் சறுக்கியதுதான், பிறகு எந்த நாளும் இந்தக் கம்பனியின் வாசற்படி ஏற ஏலாது. உரிமம் எடுத்துவிட்டு வேலை இல்லாமல் நிற்கிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள் என்னவென்று எனக்குத் தெரியும். நானும் அப்படி ஒரு நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கும் கதிரைக்குமாக ஓடியவள்.

நான் சொல்ல வந்த நாளில் வந்தவர்களில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். ஸ்டுட்கார்ட்டில் பிறந்து வளர்ந்தவள். விமானி உரிமம் கையில் இருக்க, விமான நிலையத்தில் பயணப் பொதிகள் ஏற்றுகிற பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தாள். உள்ளே வந்து எங்கள் மூவருக்கும் கை கொடுத்து, டொச்சில் காலை வணக்கம் சொன்னாள். என்னைக் கண்டதும் கண் ஒரு கணம் பெரிதாகி அடங்கியது. தமிழில் ஒரு சொல் இல்லை. தெரிந்த சிரிப்பு இல்லை. கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்குப் பின்னால் வந்தவன் எங்கள் கம்பனியின் இன்னொரு கப்டனின் மகன். அந்தக் கப்டனும் எங்கள் தலைவரும் கோடையில் ஒன்றாகப் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள். தலைவர் எழுந்து போய் அவனைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். "அப்பா எப்படி இருக்கிறான்? படகுக்குப் பெயின்ற் அடித்தாச்சா?" மற்ற எல்லாரையும் "நீங்கள்" என்றவர் அவனை மட்டும் "நீ" என்றார். உளவியலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது அது ஒரு விஷயமாகவே படவில்லை.

முதலில் கூட்டாகச் செய்கிற வேலை. வந்தவர்கள் எல்லாரையும் ஒரு மேசையைச் சுற்றி இருத்தி, ஒரு கற்பனைச் சிக்கலைக் கொடுப்போம். ஒரு தீவு, அதில் ஒரு ஆஸ்பத்திரி, அவசரமாக மருந்து கொண்டுபோக வேண்டும், கையில் இருப்பது ஒரு சின்ன விமானம், இவ்வளவு எடை, இந்த வானிலை. சேர்ந்து பேசி முடிவு எடுக்க வேண்டும். அதற்குள் நாங்கள் ஒரு பொறி வைத்திருப்போம். மருந்து முழுவதையும் ஏற்றினால் திரும்பி வர எரிபொருள் போதாது. அதை யார் கண்டுபிடிக்கிறார், கண்டுபிடித்தவர் என்ன செய்கிறார் என்பதுதான் சோதனை.

அவள் கண்டுபிடித்தாள். "திரும்பி வர எரிபொருள் போதாது" என்றாள். எதிரே இருந்த இருவர் காற்றின் திசையைப் பற்றி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் சொன்னாள். பக்கத்தில் இருந்த கப்டனின் மகன் திரும்பி அவளுடைய தாளைப் பார்த்தான். பார்த்துவிட்டு மேசையில் தட்டி, "நிறுத்துங்கள், திரும்பி வர எரிபொருள் போதாது!" என்றான். எல்லாரும் வாயை மூடினார்கள். திட்டம் மாறியது. நான் பார்த்ததை அப்படியே எழுதினேன். கண்டுபிடித்தது அவள், கேட்கும்படி சொன்னது அவன். உளவியலாளர் மேசையின் அந்தத் தூரத் தொங்கலில் இருந்தார். அவருக்குக் கேட்டது அவன் குரல் மட்டும்தான். தலைவர் அந்த நேரம் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

எங்கள் கலியாண வீடுகளுக்கு வந்து பாருங்கள், ஒருவர் பேசி முடிக்க இன்னொருவர் பொறுக்க மாட்டார். கூரை பறக்கும். ஆனால் இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் வெள்ளைக்காரரோடு ஒரு மேசையில் இருந்தால் வாயில் பூட்டு விழுந்துவிடும். பாலர் பாடசாலையில் விட்ட நாளிலிருந்து அம்மாமார் காதுக்குள் ஓதுவது ஒன்றுதானே. "சத்தம் போடாதையுங்கோ, அவையள் என்ன நினைப்பினம்?" எனக்கும் ஓதினார்கள். நான் அதை உதறி எறிய விமானப் பள்ளியில் வெறும் வகுப்பறையில் நின்று கத்திப் பழகினேன். ஒருநாள் காவலாளி பயந்து ஓடி வந்தார்.

அடுத்தது பாவனை விமானம், நிலத்தில் நிற்கிற போலி விமானி அறை. அங்கே ஒரு இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். அவள் ஒரு பதற்றமும் இல்லாமல், தெளிவான குரலில், செய்ய வேண்டியதைச் சொல்லிச் சொல்லிச் செய்தாள். முடிந்து விளக்குப் போட்டதும் தலைவரே "சுத்தமான வேலை" என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பெற்ற பிள்ளை பரிசு வாங்கின மாதிரி என்று சொன்னால் பொய்யில்லை, ஆனால் முகத்தைக் கல்லாக வைத்திருந்தேன்.

மதிய இடைவேளையில் கொஞ்சம் காற்று வாங்க வெளியே போனேன். வாகனத் தரிப்பிடத்தில் ஸ்டுட்கார்ட் இலக்கத் தகட்டோடு ஒரு பழைய கார் நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு அம்மா இறங்கி, ஓட்டமும் நடையுமாக என்னை நோக்கி வந்தார். கையில் ஒரு ஐஸ்கிறீம் பெட்டி. அதற்குள் ஐஸ்கிறீம் இருக்காது என்பது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும்.

"பிள்ளை, நீங்கள்தானே உந்தப் படத்தில நிக்கிறது?"

"ஓம் அக்கா."

"எங்கட மகள் உள்ளுக்கை சோதினைக்கு வந்திருக்கிறாள். விடியக்காத்தால வெளிக்கிட்டனாங்கள். உங்கட படத்தைக் கண்ட உடனதான் வயித்தில பால் வாத்த மாதிரிக் கிடந்தது. எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறா எண்டு. இவர் என்னைப் பக்கத்தில விட்டு ஒரு போட்டோவும் எடுத்தவர்."

"அக்கா, நான்தான் அந்தச் சோதினை எடுக்கிற ஆள். உங்களோட கதைக்கக் கூடாது. குறை நினையாதையுங்கோ."

"கதைக்க வேண்டாம் பிள்ளை. சாப்பிடுங்கோ. மீன் ரோல்ஸ். இன்னும் சூடு ஆறேல்லை."

"ஏலாது அக்கா. பேந்து வில்லங்கமாப் போயிடும்."

"ரெண்டு ரோல்ஸில என்ன வில்லங்கம்?"

காரடியில் நின்ற தகப்பன் அங்கிருந்தே கூப்பிட்டார். "இஞ்சாரும், விடுமப்பா. அவவைக் கரைச்சல்படுத்தாதையும்."

நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தேன். வந்த கையோடு தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். விண்ணப்பித்தவளின் தாய் வெளியே என்னை மறித்துச் சாப்பாடு தந்தார், நான் வாங்கவில்லை என்று. அவர் சிரித்தார். "அம்மாக்கள்!" என்றார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு மூளை இருந்திருந்தால் தெரிந்திருக்கும். சாப்பாடு கொண்டுவந்த எங்கள் அம்மா ஒருவர் அதைத் திருப்பிக் கொண்டுபோனதாக எங்கேயாவது உண்டா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதை நோயாளி சாப்பிடாவிட்டால் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டு வருகிற ஆட்கள் நாங்கள்.

இடைவேளைக்குப் பிறகு நேர்முகம். கப்டனின் மகன்தான் முதலில். "குறுக்குக் காற்றில் இறக்குவது எப்படி என்று எனக்குச் சொல்லித் தந்ததே உன் அப்பன்தான்" என்று தலைவர் ஒரு கதை தொடங்கினார். அதைச் சொல்லி முடிக்கவே பாதி நேரம் போயிற்று. அவன் நல்ல பிள்ளைதான். கேட்டதுக்குப் பணிவாகப் பதில் சொல்லிவிட்டு வெளியே போனான். கதவு மூடிய கொஞ்ச நேரத்தில் வரவேற்பு மேசைப் பெண் உள்ளே வந்தாள். கையில் அந்த ஐஸ்கிறீம் பெட்டி.

"இதை உங்கள் குடும்பம் உங்களுக்காக வைத்துவிட்டுப் போனது" என்றாள்.

குடும்பம். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த அம்மா மேசையில் பெட்டியை வைத்துவிட்டு, வாசலில் நிற்கிற என் படத்தைக் காட்டி ஏதோ சொல்லியிருக்கிறார். இவருடைய தோலும் படத்தில் இருக்கிற தோலும் ஒரு நிறம், ஆகவே குடும்பம். கணக்கு முடிந்தது.

உளவியலாளர் பேனாவை மூடி வைத்தார். தலைவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உறவா?"

"இல்லை. வாழ்க்கையில் இன்றைக்குத்தான் முதல் முதல் காண்கிறேன். வெளியே என்ன நடந்தது என்று வந்த உடனேயே சொன்னேனே."

"சொன்னாய். நம்புகிறேன். ஆனால் இப்போது பெட்டி இங்கே வந்துவிட்டது. அன்பளிப்பு விதி உனக்குத் தெரியும். இந்த ஒரு ஆளுக்கு நீ விலகி இரு. காலையில் நீ கொடுத்த புள்ளிகளையும் எடுத்துவிடுவோம், சுத்தமாக இருக்கட்டும். உன் பாதுகாப்புக்காகவும்தான் சொல்கிறேன்."

"எரிபொருளைக் கண்டுபிடித்தது அவள். அதைப் பார்த்தது நான் மட்டும்தான். என் புள்ளியை எடுத்தால் அது போய்விடும்."

"அதனால்தான்" என்றார் உளவியலாளர் மெதுவாக. "நீங்கள் மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள்."

சற்று முன்புதான் இந்த அறையில் ஒருவனுடைய அப்பனைப் பற்றிய கதைக்குப் பாதி நேரம் போனது. அந்தக் கதிரையின் சூடு கூட ஆறவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன், கதவில் தட்டும் சத்தம் கேட்டது. அவளுடைய முறை. அவளுக்கு முன்னால் கத்தினால் அவளுக்குத்தான் கேடு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

வாசலில் அவள் நின்றாள். என் கையில் இருந்த பெட்டியைக் கண்டதும் அவள் முகம் வெளிறிப்போயிற்று. அவளுக்கு அந்தப் பெட்டியைத் தெரியாதா? வாழ்நாள் முழுக்க அதில்தானே பாடசாலைக்குச் சாப்பாடு கொண்டுபோயிருப்பாள். அன்றைக்கு முதல் முதலாக அவள் வாயில் தமிழ் வந்தது.

"அம்மாவோ?"

"ஒண்டும் யோசியாதையுங்கோ. உள்ள போய் வடிவாச் செய்யுங்கோ" என்றேன். அவள் போனாள். முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, காலையில் வந்த பிள்ளை இல்லை அது.

நான் வாசலுக்குப் போய், கைகட்டி வானத்தைப் பார்க்கிற என் படத்துக்குக் கீழே இருந்து, பெட்டியைத் திறந்து ரோல்ஸை எடுத்துச் சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டாய் என்று பிறகு பல பேர் கேட்டார்கள். கோபத்தில் சாப்பிட்டேன். விலக்கியாயிற்று, பிறகு பசியோடு ஏன் இருக்க வேண்டும்? நல்ல உறைப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது, பழியை மிளகாயின் மேல் போட்டேன்.

முடிவு சில நாளில் வந்தது. கப்டனின் மகனுக்கு வேலை. அவளுக்கு இல்லை. காரணம்: குழுவில் அடங்கிப் போகிறார், நேர்முகத்தில் தடுமாறினார், முன்வந்து முடிவெடுக்கிற குணம் போதாது. அவனுக்கு எழுதியிருந்தது: குழுவைத் தக்க நேரத்தில் தடுத்து நிறுத்தியவர். நான் தலைவரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அந்த எரிபொருள் அவளுடையது."

"இருக்கலாம். ஆனால் விதி விதிதான். உனக்கு நான் சலுகை காட்டவில்லை, உன் திறமையில் வந்தாய். அவளுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்."

"அவனுக்கு?"

"அவன் அப்பா குழுவில் இல்லையே."

"அப்பா இல்லை. அப்பாவோடு படகு ஓட்டுகிற நீங்கள் இருக்கிறீர்கள்."

அவர் கழுத்து சிவந்தது. "இது சின்னக் கம்பனி. தெரிந்தவர்கள் எல்லாரும் விலகுவதென்றால் அந்த அறையில் இருக்கவே ஆள் இருக்காது."

"நான் இருந்திருப்பேன்" என்றேன். "எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது."

அவர் ஜன்னலைப் பார்த்தார். கோபித்திருந்தால் நானும் நாலு வார்த்தை கூடப் பேசியிருப்பேன். "நீ களைத்துப்போயிருக்கிறாய், வீட்டுக்குப் போ" என்றார். உண்மையான அக்கறையோடு சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. அந்த மனிதருக்குத் தான் செய்தது ஒன்றும் தெரியவில்லை. நண்பனின் மகனைக் கட்டிப்பிடிப்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. மீன் ரோல்ஸ்தான் இலஞ்சம்.

கம்பனிக்குள் பாகுபாட்டை விசாரிக்கிற ஒரு பகுதி உண்டு. அங்கே முறைப்பாடு கொடுத்தேன். பதில் வழவழ என்று வந்தது. அன்பளிப்பு விதி சரியாகப் பின்பற்றப்பட்டது, அறிமுகம் என்பது அன்பளிப்பு ஆகாது. போதாக்குறைக்கு, நான் அந்த அன்பளிப்பை உட்கொண்டதை வரவேற்பு மேசையிலிருந்து பார்த்திருக்கிறார்கள் என்றும் ஒரு வரி. கோதாரி! கடைசியில் ஒரு சின்ன வாசல் மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். அன்று அந்த மேசையில் இருந்த வேறு யாராவது நான் சொல்வதை எழுத்தில் உறுதி செய்தால், அவளுக்கு இன்னொரு தடவை கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். அந்த மேசையில் இருந்த மற்றவர்கள் யாரென்று கேட்டேன். தனிப்பட்ட தகவல், தர முடியாது என்றார்கள். அடுத்த தெரிவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. படம் மட்டும் வாசலில் அப்படியே நின்றது.

எங்கள் ஆட்களுக்கு ஒருவருடைய தொலைபேசி இலக்கம் எடுப்பது ஒரு வேலையா? ஸ்டுட்கார்ட்டில் கேட்டு, எசன் கோயிலில் விசாரித்து, அந்த அம்மா என்னைப் பிடித்துவிட்டார்.

"பிள்ளை, நான்தான் அண்டைக்கு ரோல்ஸ் கொண்டுவந்த ஆள். அந்த ரோல்ஸாலதானோ?"

"இல்லை அக்கா."

"அப்ப என்னத்தால?"

என்னத்தைச் சொல்ல? படகு, கட்டிப்பிடித்தது, கோப்பி ஊற்றியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார், ஆனால் அது அவருக்குள் இறங்கவில்லை.

"நீங்கள் என்ரை மனம் நோகக்கூடாதெண்டு சொல்லுறியள். என்ரை கையாலதானே என்ரை பிள்ளையின்ர வாழ்க்கையில மண் அள்ளிப் போட்டன். 'உங்களை ஆர் வரச் சொன்னது?' எண்டு கேட்டவள். அதோட சரி. இப்ப என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறாளில்லை. தனிய வீடு எடுத்துப் போயிட்டாள்."

அதன் பிறகு அவர் இடைக்கிடை எடுப்பார். என்ன சமையல், மழையோ என்று தொடங்கி, கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார். "ரோல்ஸால இல்லையோ பிள்ளை?" ஒவ்வொரு தடவையும் இல்லை என்பேன். ஒவ்வொரு தடவையும் நம்ப மாட்டார். வேலை போனது ஒன்று. அந்தப் பழியை ஒரு தாயின் கையில் கொடுத்துவிட்டு எல்லாரும் நிம்மதியாகப் படகு ஓட்டப் போய்விட்டார்கள்.

அடுத்த வருடம், பயிற்சி முடித்த புதுத் துணை விமானிகள் பறக்கத் தொடங்கினார்கள். ஒரு காலை, விமானிகள் கூடுகிற அறைக்குள் போனேன். அன்றைக்கு என்னோடு பறக்க வேண்டியவன் எழுந்து நின்றான். கப்டனின் மகன். மேசையில் அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு பெரிய தட்டு.

"அம்மா செய்த ஆப்பிள் கேக்" என்றான் கூச்சத்தோடு. "முதல் நாள், வெறுங்கையோடு போகாதே என்று தந்துவிட்டார்."

விமானப் பணிப்பெண்கள் ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். அந்த வழியாகப் போன தலைவர் மணம் பிடித்து உள்ளே வந்தார். ஒரு துண்டை வாயில் போட்டு, "உன் அம்மாவின் கேக்கை நான் நீ பிறக்க முன்னமே சாப்பிட்டிருக்கிறேன்" என்று அவன் தோளில் தட்டினார். பிறகு என் கண்ணைப் பார்த்தார். எனக்கு நினைவு வந்தது அவருக்கும் வந்ததோ தெரியாது. விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒரு துண்டு நீட்டினார்கள். பசியில்லை என்றேன்.

விமானத்துக்கு எரிபொருள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பயணிகள் இன்னும் வரவில்லை. விமானி அறையில் நாங்கள் இருவரும்தான். அவனாகவே தொடங்கினான்.

"தெரிவு நாளில் உங்களைப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாளே, அவளும் எடுபட்டிருப்பாள் என்று நினைத்தேன். பயிற்சியில் தேடினேன், காணவில்லை. அந்த எரிபொருளைக் கண்டுபிடித்தது அவள்தானே. நான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன், அவ்வளவுதான்."

எரிபொருள் காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டே நடந்தது முழுவதையும் அவனுக்குச் சொன்னேன். குரல் உயரவில்லை. பெட்டியையும் சொன்னேன், அவளுடைய அம்மாவையும் சொன்னேன். அவன் காது நுனி சிவந்தது. "எனக்குத் தெரியாது" என்றான். பொய் சொல்கிற முகம் இல்லை அது.

"இப்போது சொன்னாயே, அதை எழுதித் தருவாயா? அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும்."

"ஓம்" என்று உடனே வாய் திறந்தான். பிறகு மூடினான். கண்ணாடிக்கு வெளியே நின்ற எரிபொருள் வண்டியைப் பார்த்தான்.

"அப்பாவிடம் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றான்.

நான் சரிபார்ப்புப் பட்டியலை வாசிக்கச் சொன்னேன். ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தான். போய் வந்தோம். இறக்கியது அவன், நன்றாகத்தான் இறக்கினான்.

அன்று பின்னேரம் ஊழியர் வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தபடியே அந்த அம்மாவுக்கு எடுத்தேன். அன்றைக்குத்தான் நானாக எடுத்தது.

"அக்கா, ரோல்ஸால இல்லை. பக்கத்தில இருந்த பொடியனே தன்ர வாயால சொல்லிப்போட்டான். உங்கட மகள்தான் கெட்டிக்காரி எண்டு."

"மெய்யாவோ?" அவர் அழுகிறார் என்று தெரிந்தது. "மெய்யாவோ பிள்ளை? அப்ப அவன் அதை எழுதித் தருவானாமோ?"

"தகப்பனைக் கேட்டிட்டுச் சொல்லுறானாம்."

மூக்கை உறிஞ்சி, சீலைத் தலைப்பிலோ எதிலோ முகத்தைத் துடைக்கிற சத்தம் கேட்டது.

"அதுவும் சரிதானே பிள்ளை" என்றார். "தகப்பனைக் கேளாமல் அந்தப் பொடியன் ஒரு காரியமும் செய்யான் போல. நல்லா வளத்திருக்கினம்."

எனக்கு வாய்க்கு வந்தது எவ்வளவோ. "ஓம் அக்கா" என்றேன்.